நோயுற்ற பூனைக்கு நாம் பட்ட கடன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் வாழும் குடும்பத்தார் சிலர் நம்மிடம் ஒரு வினாவைத் தொடுத்து வருகின்றனர். கேட்கும் சொற்கள் வேறுபடினும் வினாவின் உட்பொருள் ஒன்றே. வீட்டில் ஒரு பூனை வளர்கின்றது. அதற்கு வயிறு சரியில்லை. ஒரு நாள், இரு நாள் அன்று. வாரக் கணக்காகக் கழிச்சல், இடையிடையே வாந்தி. பாயும் தலையணையும் கெடுகின்றன. சில வேளை முஸல்லாவும் தப்புவதில்லை. கழுவிக் கழுவிச் சலித்துப்போன பெரியவர்கள், ‘சாக்கில் போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடுவோம், அது தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்கின்றனர். பிள்ளைகள் அழுகின்றனர். இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் இருக்கின்றது?

இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒருவரிடம் நாம் பயன் பெற்ற காலத்தில் அவரைப் பேணுவது எளிது. பயன் நின்று தொல்லை மட்டும் எஞ்சும் காலத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நம் பண்பு தெரியவருகின்றது. முதுமையுற்ற பெற்றோர், நோயாளியான பணியாள், கறவை வற்றிய பசு ஆகிய எல்லாரிடத்தும் எழும் வினாவே, மிகச் சிறிய உருவில், இந்தப் பூனையின் வடிவில் நம் வீட்டிற்குள் வந்திருக்கின்றது.

விட்டுவிடுவது விடுதலையா?

பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் ஒருத்தி அதன் காரணமாகத் தண்டனைக்கு ஆளான செய்தியை நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நம் வீடுகளில் சிறுவரும் அறிவர். இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் வந்துள்ள ஹதீஸ் அது. அப்பெண் பூனைக்குத் தானும் உணவளிக்கவில்லை. பூமியில் ஊர்ந்து திரிவனவற்றை அது தானே தேடி உண்ணவும் விடவில்லை என்பதே அவள் மீதான குற்றச்சாட்டு.

சந்தையில் விடலாம் என்போர் இந்த ஹதீஸையே தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. ‘ஒன்று உணவளி, அல்லது விட்டுவிடு என்றுதானே இதன் கருத்து? நாங்கள் விட்டுவிடுகிறோம்’ என்பர். மேலோட்டமாக நோக்கின் இவ்வாதம் வலுவுடையது போலத் தோன்றும். ஆயின், விட்டுவிடுவதற்குரிய காரணத்தையும் அந்த ஹதீஸே உடன் கூறுகின்றது. அது தன் இரையைத் தானே தேடி உண்ண வேண்டும் என்பதே அக்காரணம். தேடி உண்ணும் ஆற்றல் உள்ள உயிருக்குத்தான் கதவைத் திறந்துவிடுவது விடுதலையாகும். உடலில் நீர் வற்றி, எலும்பு தெரிய மெலிந்து கிடக்கும் பூனையைக் கொண்டுபோய் அறியாத இடத்தில் இறக்குவது, கதவைச் சாத்துவதன் மற்றொரு வகையே. அங்கே ஏற்கெனவே எல்லை வகுத்துக்கொண்டு வாழும் பூனைகள் இதை விரட்டும், நாய்கள் துரத்தும். தெரிந்த வாசனையும் தெரிந்த ஒளிவிடமும் இல்லாத இடத்தில் நோயாளிப் பூனை இரை தேடாது, ஒடுங்கிக் கிடக்கும்.

காலத்தின் மாற்றத்தையும் ஈண்டுக் கருத வேண்டும். ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. 2011-இல் அவ்வூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. கொல்லையும் கிணற்றடியும் உள்ள வீட்டில் வாழ்ந்த பூனை பாதி நம்முடையது, பாதி தன்னுடையது. எலி பிடித்தது, புல் மேய்ந்தது, மண்ணைத் தோண்டித் தன் கழிவை மூடியது. இரண்டாம் மாடிக் குடியிருப்பில் கம்பி வலைக்குள் வளரும் பூனைக்கு அந்தப் பாதி இல்லை. நாம் வைப்பதே அதன் உணவு. நாம் ஒதுக்கும் மூலையே அதன் கழிப்பிடம். அதன் சொந்தப் பிழைப்பை நாம் எடுத்துக்கொண்டோம். ஆகவே அதன் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் உண்டு. வேடனிடம் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வரும்வரை நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நின்ற வரலாறு அது. பிணை நிற்பது என்பது வாயால் இரக்கம் காட்டுவது அன்று. இந்த உயிரின் காரியத்திற்கு நான் பதில் சொல்வேன் என்று ஒப்புக்கொள்வது. பூனைக்குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்த அன்று தட்டில் சோறு வைத்தோமே, அன்றே நாம் அதற்குப் பிணையாகிவிட்டோம்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்லுகின்றது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், தன் 3-ஆம் பிரிவில், விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்திற்கும் தேவையற்ற துன்பத்தைத் தடுப்பதற்கும் இயன்ற நடவடிக்கைகளை எடுப்பதைக் கடமையாக்குகின்றது. பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில், தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவதை 11-ஆம் பிரிவு குற்றங்களுள் ஒன்றாக வைக்கின்றது.

பயன் தீர்ந்த பின்னும் உரிமை

‘எலி பிடித்த வரையில் சோறு போட்டோம், இப்போது அதனால் என்ன பயன்?’ என்று கேட்போர்க்கு, ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் விடையளித்துச் சென்றிருக்கின்றார்கள். டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் ஆட்சியாளர்களுக்கு அஞ்சாது தீர்ப்புரைத்த அம்மேதை, தம் ‘கவாஇதுல் அஹ்காம்’ என்னும் நூலில், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தனியே வகுத்துக் கூறுகின்றார்கள். அவற்றுள் முதலாவது, அதற்குத் தக்க பராமரிப்புச் செலவு. அவ்விலங்கு மூப்பாலோ நோயாலோ எவ்விதப் பயனும் தராத நிலையை அடைந்துவிட்டாலும் அச்செலவு நீங்காது என்பது அவர்களின் முடிபு.

இதில் உள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. அவர்கள் இதை மனிதனின் இரக்கம் என்று சொல்லவில்லை. விலங்கின் உரிமை என்று சொன்னார்கள். இரக்கம் நமக்கு இன்றைக்கு இருக்கும், நாளைக்குச் சலித்துப் போகும். உரிமை நம் மனநிலையைக் கேட்டு வருவதன்று. பூனை அழகாகத் துள்ளி விளையாடிய நாளிலும், முஸல்லாவைக் கெடுத்த நாளிலும் அது ஒரே அளவில்தான் நிற்கின்றது.

முஸல்லாவைப் பற்றியும் ஒரு சொல். அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனையொன்று குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கும் பொருட்டுப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, உங்களைச் சுற்றிச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அதன் வாய்ப்பட்ட நீருக்கே இந்தச் சலுகை. அதன் மலமும் சிறுநீரும் நஜீஸ்தான். எனவே கெட்ட துணியைக் கழுவுங்கள். தொழும் அறையின் கதவைச் சாத்தி வையுங்கள். துணியைச் சுத்தம் செய்ய ஒரு வாளி நீர் போதும். அந்த ஒரு வாளி நீரைக் காரணமாகக் காட்டி ஓர் உயிரைத் தெருவில் தள்ளுவதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பது முறையன்று.

அறிவில்லாத அன்பு

இனிப் பிள்ளைகளின் பக்கம் வருவோம். அவர்களின் கண்ணீர் உண்மையானது. ஆனால் அன்பு உண்மையானது என்பதனாலேயே அது நன்மை செய்துவிடும் என்று சொல்ல முடியாது. பூனை என்றதும் நம் நினைவுக்கு வருவது பால். ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்று பழமொழியே இருக்கின்றது. வயிறு கெட்ட பூனையைக் கண்டதும், ‘பாவம், மெலிந்துவிட்டது’ என்று இன்னும் ஒரு கிண்ணம் பாலை வைக்கின்றோம். குட்டிப் பருவம் கடந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. செரிக்காத பால் குடலில் தங்கிக் கழிச்சலை உண்டாக்கும். எந்தக் கிண்ணத்தை மருந்தென நினைத்து வைத்தோமோ அதுவே நோயின் காரணமாக இருந்துவிடுவதுண்டு.

பாலோடு முடியவில்லை. பூனை இயல்பிலேயே ஊன் உண்ணும் உயிர். அதன் உடலுக்குத் தேவையான டாரின் என்னும் சத்து ஊனுணவில்தான் உண்டு; சோற்றிலும் ரொட்டியிலும் இல்லை. நாம் உண்ட ஆணத்தின் மிச்சத்தைப் பிசைந்து வைத்தால் மிளகாயும் எண்ணெயும் அதன் வயிற்றைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் அதைவிடத் தீயன. பூனையின் இரத்தச் சிவப்பணுக்களையே அவை அழிக்கின்றன. காய்ச்சல் போல் இருக்கின்றதே என்று நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுத்தால் பூனை இறந்துபோகவும் கூடும். நம்மைப் போல் அதுவும் என்று எண்ணுவது அன்பின் வழக்கம். அது நம்மைப் போன்றதன்று, வேறோர் இயல்போடு படைக்கப்பட்ட உயிர் என்று அறிவது அன்பின் முதிர்ச்சி. பறவைகளும் விலங்குகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்து திருமறையின் ‘அல்அன்ஆம்’ அத்தியாயத்தில் வருகின்றது. சமுதாயம் எனின் அதற்குத் தனக்கென ஓர் உணவும் ஒழுங்கும் உண்டு அன்றோ?

மூன்று படிகள்

உணவளிப்பது கடமை என்பது சரி, மருத்துவமும் கடமையா? கற்றோர் எழுப்பும் வினா இது. நவவி இமாம் (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ தீவனத்தையும் நீரையும்தான் சொல்லுகின்றது. மருந்தால் குணமாவது உறுதியன்று என்ற காரணத்தால், மனிதன் தனக்கே மருத்துவம் செய்துகொள்வதையும் முன்னோர் பலர் கட்டாயமாக்கவில்லை.

இங்கே நமக்குக் கைகொடுப்பவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த அப்பெருமகனார், ‘இஹ்யா’வில் தவக்குலைப் பற்றிப் பேசுமிடத்தில், துன்பத்தை நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கின்றார்கள். பசிக்கு உணவும் தாகத்திற்கு நீரும் போல உறுதியானவை ஒரு வகை. மருத்துவரின் மருந்து போலப் பெரும்பாலும் பயன் தருபவை மற்றொரு வகை. வெறும் எண்ணத்தில் மட்டும் நிற்பவை மூன்றாம் வகை. உறுதியானதை விடுவது தவக்குல் ஆகாது. எண்ண அளவில் நிற்பதைப் பற்றிக்கொண்டு அலைவதும் தவக்குலுக்கு அழகன்று. இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் பூனையின் நோயை நோக்குவோம்.

உறுதியானவை: தூய நீர், தீங்கான உணவை நிறுத்துதல், தகுந்த உணவைத் தருதல். உப்பும் மசாலாவும் இன்றி, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி சில நாள்களுக்குப் போதும். நெடுநாள் உணவாக அதை மட்டும் கொடுத்தல் ஆகாது. உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஏழு முதல் பத்து நாள்களில் மாற்ற வேண்டும். கழிச்சல் நீடிக்கும் பூனைகளில் பல உணவு மாற்றத்தாலேயே குணம் அடைகின்றன. ஆனால் மருத்துவர் ஓர் உணவை வகுத்துக் கொடுத்தால் வீடு முழுவதும் அதில் ஒருமனப்பட வேண்டும். அத்தா ஒரு துண்டு மீனும், பிள்ளை ஒரு துண்டு பிஸ்கத்தும் மறைவாகக் கொடுத்தால், எந்த உணவு கெடுத்தது, எது காத்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலும் பயன் தருபவை: மருத்துவரின் சோதனையும் மருந்தும். மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் கழிச்சலை நாட்பட்ட நோயாக மருத்துவர்கள் கருதுகின்றனர். குடற்புழு, ஜியார்டியா போன்ற நுண்ணுயிர், உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி, வயதான பூனையில் தைராய்டு, சிறுநீரகக் கோளாறு எனக் காரணங்கள் பல. புதிய மலத்தைச் சிறு டப்பியில் எடுத்துச் சென்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. புழுதான் என்று தெரிந்துவிட்டால், அதை நீக்கும் மருந்து பெரும்பாலும் எளிதானது, விலையும் குறைவு. அதைச் செய்யாமல் விடுவது உறுதியானதை விடுவதற்கு மிக அருகில் வந்துவிடுகின்றது என்பதே நம் கருத்து. முன்னோர் காலத்து மருந்தின் ஐயப்பாடு இன்று இத்தகைய நோய்களில் இல்லை. ஐயம் நீங்கிய அளவுக்குக் கடமையும் கூடுகின்றது.

எண்ண அளவில் நிற்பவை: அக்கம்பக்கத்தார் சொல்லும் கைமருந்து, நமக்கு எழுதித் தந்த பழைய மாத்திரை, தானே சரியாகிவிடும் என்ற காத்திருப்பு. மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, ஒரு நாளுக்கு மேல் உணவு மறுத்தல், சிறு குட்டியின் கழிச்சல் ஆகியவற்றில் காத்திருப்பு ஆபத்து. வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்கலாகாது, குடல் அறுபடும். ஆண் பூனை மீண்டும் மீண்டும் அமர்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், அது உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை.

வீட்டிலுள்ள மனிதரையும் காக்க வேண்டும். கழிவை அன்றாடம் அகற்றிக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது அனைவர்க்கும் உரியது. கருவுற்ற பெண்கள் அவ்வேலையைப் பிறரிடம் விட வேண்டும். பூனையின் மலம் வழியாகப் பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி கருவிலுள்ள குழந்தையைத் தாக்க வல்லது. மலத்தோடு வெளிப்பட்டு ஒரு நாளாவது சென்ற பின்னரே அது தொற்றும் நிலையை அடைவதால், நாள்தோறும் அகற்றுவதே பெரும் காப்பு.

ஏழை அயலார் இருக்க...

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். தெருவிலிருந்து வந்த பூனை இலவசம். வண்டிக் கூலியும் மருத்துவச் செலவும் அப்படியன்று. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற கதை. பக்கத்து வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளை இருக்கப் பூனைக்குச் செலவழிப்பது தகுமா?

இதை ஏளனம் செய்யாமல் எதிர்கொள்ள வேண்டும். அயலாருக்கு உதவும் கடமை ஊராருக்கெல்லாம் பொதுவானது. நாம் தவறினாலும் பிறர் ஏற்க வழியுண்டு. இந்தப் பூனைக்கோ நம்மைத் தவிர வேறு பிணை இல்லை. மேலும், அந்தப் பிள்ளையின் கட்டணத்தை நாம் வேறு எந்தச் செலவோடும் ஒப்பிடுவதில்லை. விருந்துக்கும் திருமண மண்டப அலங்காரத்திற்கும் செலவிடும்போது நினைவில் வராத ஏழை அயலார், பூனையின் புழு மருந்துக்குக் காசெடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வருவாராயின், அது ஏழையின்மேல் கொண்ட பரிவு அன்று. பூனையிடமிருந்து தப்பும் உபாயம்.

அதே வேளையில் கடமைக்கு எல்லையும் உண்டு. இயன்ற அளவே எவர்மீதும் சுமத்தப்படும். அயல்நாட்டு உணவும் ஆடம்பரச் சிகிச்சையும் எவர்க்கும் கடமையில்லை. கடன் வாங்கியேனும் செய்க என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்றும் வேப்பேரியில் இருக்கின்றது. 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கம் அது. அதன் போதனை மருத்துவமனை பூனைகளையும் பார்க்கின்றது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருப்போர்க்கு மின்சார ரயிலும், பூந்தமல்லியில் இருப்போர்க்கு நெடுஞ்சாலையும் அவ்வழியே செல்கின்றன. உண்மையிலேயே இயலாதவர், பேணும் மனமும் வசதியும் உடைய வேறொருவரிடம் அதை ஒப்படைக்கலாம். ஊட்டு, அல்லது பேணுவார் கைக்கு மாற்று என்பதே ஃபிக்ஹு நூல்கள் காட்டும் வழி. சாக்கில் கட்டிச் சந்தையில் இறக்குவதை எந்த நூலும் காட்டவில்லை.

‘துன்பம் தீரக் கொன்றுவிடலாமே’ என்போரும் உளர். மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ‘ஃபத்ஹுல் முஈன்’ தென்னாட்டு மத்ரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்படும் ஷாஃபிஈ நூல். உண்ணத் தகாத விலங்கை, அதன் துன்பத்தைத் தீர்ப்பதற்காகவேனும், அறுப்பதை அது தடுக்கின்றது. பிற மத்ஹபுகளில் வேறு கருத்துகள் உண்டு. இறுதி நிலையிலுள்ள நோய் குறித்து அவரவர் ஆலிம்களையும் மருத்துவரையும் ஒருங்கே கேட்டறிதல் தக்கது. ஆனால் நம் முன்னுள்ள பூனைக்கு வந்திருப்பது பெரும்பாலும் தீரக்கூடிய வயிற்று நோய். அதற்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. பாலை நிறுத்துவதும் மருத்துவரைப் பார்ப்பதும் தேவை.

சலிப்பை வெல்வது

எகிப்து நாட்டு இலக்கண அறிஞர் இப்னு பாப்ஷாத் (ரஹ்) ஹிஜ்ரி 469-இல் மறைந்தவர். பள்ளிவாசலின் மேல்தளத்தில் அவர் நண்பர்களோடு உண்டுகொண்டிருந்தபோது பூனையொன்று வந்தது. போட்ட உணவைக் கவ்விச் சென்றது. மீண்டும் வந்தது, மீண்டும் கவ்விச் சென்றது. பின்தொடர்ந்து பார்த்தால், பாழிடம் ஒன்றில் இருந்த குருட்டுப் பூனைக்கு அது உணவு சுமந்துகொண்டிருந்தது. குருட்டுப் பூனைக்கே இறைவன் உணவை ஏற்பாடு செய்கிறான் என்றால் தமக்கு ஏன் கவலை என்று அவர் தம் அரசுப் பதவியைத் துறந்ததாக இப்னு கல்லிகான் எழுதுகின்றார். அவர் கண்டது தவக்குல். நாம் அதில் இன்னொன்றையும் காண்கிறோம். இறைவன் அந்தக் குருட்டுப் பூனைக்கு உணவளித்தது, சலிக்காமல் திரும்பத் திரும்ப நடந்த மற்றொரு பூனையின் வாய் வழியாகத்தான்.

நாட்பட்ட நோய் கேட்பது பெருங்கொடையை அன்று. இந்தத் திரும்பத் திரும்ப நடத்தலைத்தான். இன்றும் துணியைக் கழுவு, இன்றும் அளந்து வை, இன்றும் எத்தனை முறை கழிந்தது என்று குறித்துக்கொள். ஒரு நாள் இரக்கப்படுவது எவர்க்கும் இயலும். நாற்பதாம் நாளிலும் முகம் சுளிக்காமல் செய்வதே சபுரு.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. சாக்கைத் தேடாதீர்கள், ஒரு கூடையைத் தேடி மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கூறுவது: அழுவதோடு நில்லாதீர்கள், பால் கிண்ணத்தை எடுத்துவிட்டு நீர்க் கிண்ணத்தை வையுங்கள், கழுவும் வேலையில் உம்மாவுடன் பங்கு கொள்ளுங்கள். அந்தப் பூனை தேறலாம், தேறாமலும் போகலாம், குணமளிப்பவன் இறைவன். அது தன் வலியைச் சொல்ல வாயில்லாதது. சொல்லாததையும் கேட்டறியும் செவியை இந்த வீட்டில் வளர்த்துக்கொண்ட பிள்ளைகள், நாளை நாம் முதுமையில் சொல்ல முடியாமல் கிடக்கும்போது நம்மையும் கேட்டறிவார்கள்.